ஐசியூவில் இரவு என்று ஒன்று வேண்டும்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் காலை விசிட்டிங் நேரத்தில் உள்ளே போன மகன் வெளிறிய முகத்தோடு திரும்பி வருவார். அப்பாவுக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. கூரையில் பூச்சி ஊர்கிறது என்கிறார். யாரோ தன்னைக் கடத்திவந்து அடைத்துவைத்திருப்பதாகச் சொல்கிறார். இரவில் மூக்குக்குழாயைப் பிடுங்கிவிட்டதால் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். “ஐசியூல ரெண்டு மூணு நாள் இருந்தா வயசானவங்களுக்கு இப்படி ஆகும் சார். வார்டுக்கு மாத்திட்டா சரியாயிடும்” என்று சிஸ்டர் ஆறுதல் சொல்வார்.

பலருக்குச் சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். அதனாலேயே இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், ‘டெலிரியம்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த மனக்குழப்பத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 224 பேரில் 183 பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. அவர்களில் 34% பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். டெலிரியம் வராதவர்களிடையே அது 15%. அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, டெலிரியம் அதிக நாள் நீடித்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் நினைவாற்றலும் யோசிக்கும் திறனும் குறைந்திருந்ததைக் காட்டியது. உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிட்டோம் என்று மருத்துவமனை ஃபைலை மூடிவிடுகிறது. பால் கணக்கைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் போன மனிதரோடு அதன் பிறகு மல்லாடுவது குடும்பம்தான்.

டெலிரியத்துக்குக் காரணங்கள் பல. முதுமை, ரத்தத்தில் பரவிய தொற்று, ஆக்சிஜன் குறைவு, சிறுநீரகக் கோளாறு, தீராத வலி, கொடுக்கிற மருந்துகள். இவற்றில் பாதி நம் கையில் இல்லை. தூக்கம் கெடுவதும் டெலிரியத்தோடு பின்னிக்கிடக்கிறது; அதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. தூங்காததால் குழப்பம் வருகிறதா, குழப்பத்தால் தூக்கம் போகிறதா என்று மருத்துவ உலகம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அந்தத் தீர்ப்பு வரும்வரை நோயாளியை விழிக்கவைத்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை.

பத்துக் கட்டில்கள் உள்ள சாதாரண ஐசியூ ஒன்றின் இரவை எடுத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு டியூட்டி மாறுகிறது. ஒவ்வொரு கட்டிலாக நின்று பகல் நர்ஸ் இரவு நர்ஸிடம் ஒப்படைக்கிறார்: பெயர், நோய், ஓடிக்கொண்டிருக்கும் மருந்து, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது. ஒன்பது மணிக்கு மருந்து. பத்து மணிக்கு டியூட்டி டாக்டரின் ரவுண்ட்ஸ். பதினொன்றரைக்குப் புது அட்மிஷன் வருகிறது. ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர் டிராலி, நாலைந்து பேரின் உரத்த குரல். பன்னிரண்டு மணிக்கு ஆன்டிபயாடிக். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தொண்டைக் குழாயில் சளியை உறிஞ்ச வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். கையில் சுற்றிய பிபி பட்டை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘புஸ்ஸ்’ என்று தானே ஊதிக் கையை இறுக்குகிறது. காலால் மிதித்துத் திறக்கும் மஞ்சள், சிவப்புக் கழிவுத் தொட்டிகளின் மூடி ஒவ்வொரு முறையும் ‘டமார்’ என்று விழுகிறது. நான்கு மணிக்கு உடம்பு துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். காலை டியூட்டி மாறுவதற்குள் பத்துப் பேருக்கும் முடித்தாக வேண்டுமே. ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்க வருவார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும். விளக்கு? அது அணைவதே இல்லை.

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நான்கு ஐசியூக்களின் பதிவேடுகளைப் புரட்டி, 147 இரவுகளை எண்ணிப் பார்த்தார்கள். மாலை ஏழிலிருந்து காலை ஏழு மணிவரை ஒரு நோயாளியைச் சராசரியாக 43 முறை ஏதோ ஒரு வேலைக்காக அணுகியிருந்தார்கள். யாரும் கிட்டே வராமல் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக விடப்பட்டது, அத்தனை இரவுகளிலும் சேர்த்து ஒன்பதே ஒன்பது முறை. 55 இரவுகளில் இரவு ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் இடையில் குளிப்பாட்டியிருந்தார்கள்.

ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கி, கனவு காணும் கட்டத்தைத் தொட்டு, மேலே வர ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். அந்தச் சுற்று இடையில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐசியூ நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால், 24 மணி நேரத்தில் தூங்கிய மொத்த நேரம் சிலருக்கு நம்மைப் போலவேகூட வரும். ஆனால், அதில் பாதி பகலில் விட்டுவிட்டுப் போட்ட கோழித்தூக்கம். மீதியும் மேலோட்டமானதுதான், ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மிகக் குறைவு. வென்டிலேட்டரிலிருந்து விடுபட வேண்டியவருக்கு இது இன்னும் கெடுதல். நல்ல ஆரோக்கியமான ஆண்களை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தபோதே, மூச்சை உள்ளிழுக்கும் தசைகள் சீக்கிரம் களைத்துப்போயின. ஒரு வாரமாகப் படுத்த படுக்கையாக இருப்பவரின் மூச்சுத் தசை என்ன பாடுபடும்?

சத்தத்தின் கதை தனி. மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, அவ்வப்போது எழும் சத்தமும் 40ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் தேம்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் ஐந்து ஐசியூக்களில் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். சராசரி ஒரு நேரத்திலும் 45க்குக் கீழே இறங்கவில்லை. பாதி நேரம் 52க்கு மேல். கனரக லாரி பக்கத்தில் கடந்துபோவதற்கு ஈடான 85 டெசிபல் சத்தம் நள்ளிரவிலும் எழுந்தது. சில இடங்களில் ஒரு மணி நேரத்தில் 16 முறை வரை. ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். இரவு 10 முதல் காலை 6 வரை 40 டெசிபல்தான் அனுமதி. வாசலில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்று பலகையும் உண்டு. ஹாரன் அடித்துக்கொண்டு போகிற பஸ்காரரைத் திட்டுகிறோம். சுவருக்கு உள்ளே அளக்க யாரும் வருவதில்லை.

உள்ளே கத்துவது பெரும்பாலும் மானிட்டர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 77 ஐசியூ கட்டில்களின் மானிட்டர்களை 31 நாள் கவனித்தார்கள். வந்த எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கும் மேல். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று எழுந்த எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 88க்கு மேல் பொய். நோயாளி கையை அசைத்திருப்பார், மார்பில் ஒட்டிய வில்லை கழன்றிருக்கும். இப்படிப் பொய் சொல்லிச் சொல்லியே நர்ஸின் காதை மானிட்டர் மரத்துப்போகச் செய்கிறது. உண்மையான ஆபத்தின்போதும் யாரும் ஓடிவராத நிலை அங்கிருந்துதான் பிறக்கிறது. நோயாளியின் தூக்கத்துக்காக அலாரம் அளவுகளைச் சரிசெய்வது நோயாளியின் உயிருக்கும் நல்லது.

ஆனால், சத்தத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டொரண்டோவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, விழிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் சத்தம் நேரடிக் காரணம் என்று கண்டது. பெரும்பாலான விழிப்புகளுக்குக் குறிப்பிட்ட காரணத்தைப் பிடிக்கவே முடியவில்லை. நோயின் வேகம், வலி, மருந்து, வென்டிலேட்டர் தள்ளுகிற காற்று தன் மூச்சோடு ஒத்துப்போகாமல் நெஞ்சு முட்டுவது, ‘நான் பிழைப்பேனா’ என்கிற பயம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆகவே, காதடைப்பானை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

“ஒரு தூக்க ஊசி போட்டுவிடக் கூடாதா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். டாக்டர்களுக்கும் அந்தச் சபலம் வருவதுண்டு. ஊசி போட்டதும் கண் மூடும், கத்தல் நிற்கும், வார்டு அமைதியாகும். மூளை மட்டும் தூங்காது. மயக்கமும் தூக்கமும் வெளிப்பார்வைக்குத்தான் ஒன்று. மிடசோலம், லோரசெபாம் போன்ற மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் குறைத்துவிடுகின்றன. லோரசெபாம் கொடுக்கப்பட்டவர்களுக்கு டெலிரியம் வருகிற வாய்ப்பு கூடுகிறது என்று 2006இலேயே வாண்டர்பில்ட் குழு காட்டியது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தூங்கவைப்பதற்காக புரொபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்க வேண்டும், ஒவ்வொரு ஐசியூவும் தூக்கத்துக்கென ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை. உடல் தானே சுரக்கும் மெலடோனினை மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று ஆஸ்திரேலியாவில் 12 ஐசியூக்களில் 850 பேரிடம் சோதித்து 2022இல் முடிவைச் சொன்னார்கள். டெலிரியம் குறையவில்லை. குறுக்குவழி இதுவரை கிடைக்கவில்லை.

நேர்வழி ஒன்று இருக்கிறது. பார்க்க அலுப்பான வழி. இங்கிலாந்தில் ஓர் ஐசியூ குழு 2014இல் தன் அனுபவத்தை வெளியிட்டது. அவர்கள் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. இரவில் கதவைச் சாத்தினார்கள். தொலைபேசி மணியைக் குறைத்தார்கள். பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு வேலைக்குத் தேவையான சிறு விளக்கை மட்டும் போட்டார்கள். கண்பட்டையும் காதடைப்பானும் கொடுத்தார்கள். இரவு வேலைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்தார்கள். பகலில் நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று பேசினார்கள். மாற்றத்துக்கு முன் 33% பேருக்கு வந்த டெலிரியம், பின்பு 14% பேருக்குத்தான் வந்தது. ஒரே மருத்துவமனையில் முன், பின் என்று ஒப்பிட்ட ஆய்வு இது என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. என்றாலும், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் 136 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோலத் தேர்ந்து காதடைப்பான் மட்டும் கொடுத்த சோதனையிலும் குழப்பம் குறைந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலும் இதே திசையில்தான் பலன் கிடைத்தது. பஞ்சில் செய்த காதடைப்பானும் கண்பட்டையும் நம் ஊரில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நோயாளியின் சம்மதத்தோடுதான் போட வேண்டும். கை கட்டப்பட்டவருக்கு, தானே கழற்ற முடியாதவருக்கு அது இன்னொரு சிறை.

இவ்வளவு எளிதென்றால் ஏன் நடப்பதில்லை? ஐசியூவின் நேர அட்டவணை நோயாளியை வைத்து எழுதப்படவில்லை என்பதுதான் என் பதில். நான்கு மணிக்கு உடம்பு துடைப்பது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக நடப்பது அது. ஐந்து மணி ரத்தப் பரிசோதனை டாக்டரின் வசதிக்காக. மானிட்டரின் பதினைந்து நிமிட பிபி, இயந்திரத்தில் முன்பே பதிந்துவந்த அளவை யாரும் மாற்றாததால். இந்த நடைமுறைகள் எல்லாம் சேர்ந்துதான் நோயாளியின் இரவைத் தின்கின்றன. இவற்றில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கேட்க ஆளில்லாததுதான் குறை.

கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் ஐசியூ சார்ட்டைப் பாருங்கள். மேசை விரிப்பு அளவுக்குப் பெரிய தாள். மணிக்கு ஒரு கட்டம். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், உள்ளே போன நீர், வெளியே வந்த நீர், கண்மணியின் அளவு, மலம் போனதா என்பதுவரை எழுத இடம் உண்டு. தூங்கினாரா என்று எழுதப் பெரும்பாலான சார்ட்டுகளில் இடமே கிடையாது. எழுதாத ஒன்றைப் பற்றி ரவுண்ட்ஸில் யாரும் பேசுவதில்லை. பேசாத ஒன்றுக்கு யாரும் பொறுப்பில்லை. நர்ஸின் கண்மதிப்பும் இதில் போதாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நோயாளியையும் நர்ஸையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தபோது, நோயாளி சொன்னதைவிட நன்றாகத் தூங்கியதாகவே நர்ஸ்கள் சொன்னார்கள். கண் மூடியிருப்பவர் தூங்குவதாகத்தானே தோன்றும்! இதற்கென ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது: தூக்கம் ஆழமாக இருந்ததா, வரத் தாமதமானதா, எத்தனை முறை விழித்தீர்கள், மறுபடி தூக்கம் பிடித்ததா, மொத்தத்தில் எப்படி. பேச முடியாதவர்கூட ஒரு கோட்டில் விரலை வைத்துக் காட்டிவிடலாம். தமிழில் கேட்க இரண்டு நிமிடம் ஆகாது.

எல்லாக் கட்டிலுக்கும் ஒரே சட்டம் போட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலையில் அடிபட்டு வந்தவரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது உயிர் காக்கும் வேலை. இன்சுலின் சொட்டு ஓடுகிறவருக்குச் சர்க்கரை பார்க்காமல் இருக்க முடியாது. அதனால்தான் முடிவு கட்டிலுக்குக் கட்டில் எடுக்கப்பட வேண்டும். மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இன்று இரவு இவருக்கு எதெல்லாம் வேண்டாம்? இரண்டு நாளாக நிலையாக இருப்பவருக்கு பிபி மணிக்கு ஒருமுறை போதுமா, தமனியில் குழாய் இருந்தால் பட்டையே வேண்டாமே, பன்னிரண்டு மணி மருந்தைப் பதினொன்றுக்கும் நான்கு மணி மருந்தை ஐந்துக்கும் நகர்த்த முடியுமா, ரத்தப் பரிசோதனை தினமும் தேவைதானா? பதிலை மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நள்ளிரவிலிருந்து நான்கு மணிவரை, முடிந்தவர்களுக்கு மட்டும், யாரும் தொடாத நேரம். இரண்டு முழுச் சுற்றுத் தூக்கத்துக்கு அது போதும். படுக்கைப்புண் ஆபத்து அதிகமுள்ளவரைப் புரட்டத்தான் வேண்டும். சளி உறிஞ்சுவது, டயப்பர் மாற்றுவது எல்லாவற்றையும் அதே நேரத்தில் சேர்த்து முடித்துவிடலாம்.

இதையெல்லாம் நர்ஸின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. இரவில் மூன்று நான்கு கட்டில்களை ஒருவரே பார்க்கிற இடங்கள் அரசு, தனியார் இரண்டிலும் உண்டு. அவரால் வேலைகளைச் சேர்த்துச் செய்ய முடியாது. எது கையில் கிடைக்கிறதோ அதைச் செய்துகொண்டே போகத்தான் முடியும். தமிழ்நாட்டில் தொகுப்பூதிய நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அதை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். நோயாளியின் தூக்கமும் அதற்குள் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய நர்ஸிங் நூலில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியின் அறையில் நின்று கிசுகிசுப்பதைக்கூடக் கொடுமை என்று கண்டித்தார். அவருடைய பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கும் மருத்துவமனைகள் அந்த அத்தியாயத்தையும் ஒருமுறை படிக்கலாம்.

அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தர உறுதிச் சான்று கொடுக்க ஆய்வுக்கு வருகிறார்கள். தனியார் மருத்துவமனைகள் என்ஏபிஹெச் தர முத்திரையை விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன. அந்த ஆய்வாளர்கள் பகலில் மட்டும் வராமல் ஒருமுறை பின்னிரவு மூன்று மணிக்கு வந்து, ஒலிமானியோடு ஐசியூவின் நடுவில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை தன் ஐசியூக்களுக்கு அனுப்பும் சார்ட்டில் தூக்கத்துக்கென ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். நான்கு மணிக்கு உடம்பு துடைக்கும் வழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் நிறுத்திவிட்டு, அந்த வேலையைப் பகலுக்கோ மாலைக்கோ மாற்ற வேண்டும். புதிதாகக் கட்டும் ஐசியூக்களில் வெயில் விழும் ஜன்னல் இருக்க வேண்டும். பகல் தெரியாதவருக்கு இரவும் தெரியாது.

உறவினர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அப்பாவின் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் அட்மிஷன் அன்று பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்; அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து கொடுங்கள். உள்ளே போனால் அழாமல், இன்று என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா, பேத்தி என்ன சொன்னாள் என்று பேசுங்கள். வீட்டில் எத்தனை மணிக்குப் படுப்பார், விளக்கு எரிந்தால் தூங்குவாரா என்பதைச் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். செல்போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். மாலையில் டாக்டர் வரும்போது பிபி எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்பதோடு, இன்று இரவு இவரைத் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்கவிட முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.